விம்பிள்டனை நேரில் காணச் செல்வோருக்கு: விசா முதல் வரிசை அட்டை வரை

விம்பிள்டன் டென்னிஸ் போட்டியை ஒரு முறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று நினைப்பவர்களில் பெரும்பாலோர், டிக்கெட் எப்படியும் கிடைக்காது என்று தாங்களே முடிவு செய்துகொண்டு தொலைக்காட்சியோடு நின்றுவிடுகிறார்கள். அப்படி நிற்கத் தேவையில்லை. போட்டி நடக்கும் அதே நாளில் வரிசையில் நின்று, முதன்மை ஆடுகளமான சென்டர் கோர்ட்டுக்கே கூட உரிய விலையில் டிக்கெட் வாங்கும் வழியை அங்கே இன்றும் திறந்து வைத்திருக்கிறார்கள். நான் திணறியது டிக்கெட்டுக்காக மட்டும் அல்ல. விசா, டிக்கெட், தங்குமிடம், விமானம் ஆகிய நான்கில் எதை முதலில் முடிப்பது என்பதைத் தெளிவாகச் சொல்வார் இல்லாததால்தான் பல மாதங்கள் குழம்பினேன். அந்தக் குழப்பம் உங்களுக்கு வர வேண்டாம் என்பதற்காக, செய்ய வேண்டிய வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். கட்டணங்கள் ஆண்டுதோறும் மாறக்கூடியவை. பணம் கட்டும் முன் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. எந்த நாள் செல்வது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

போட்டிகள் பதினான்கு நாட்கள் நடைபெறுகின்றன. 2025-இல் ஜூன் 30 முதல் ஜூலை 13 வரை நடந்தன. 2026-க்கு ஜூன் 29 முதல் ஜூலை 12 வரை என்று அறிவிக்கப்பட்டது. இடையில் வரும் ஞாயிற்றுக்கிழமை முன்பு ஓய்வு நாளாக இருந்தது; 2022 முதல் அன்றும் ஆட்டம் உண்டு.

புதிதாகச் செல்பவருக்கு நான் பரிந்துரைப்பது முதல் நான்கு நாட்களைத்தான். ஆண்கள் ஒற்றையர், பெண்கள் ஒற்றையர் இரண்டிலும் தலா 128 பேர் களமிறங்குவதால், முதல் சுற்றில் மட்டும் 128 ஆட்டங்கள் நடந்தாக வேண்டும். அவை 18 புல்தரை ஆடுகளங்களிலும் பரவி நடக்கும்போது, உலகத் தரவரிசையில் முன்னணியில் உள்ளவர்களைக் கூட வெளி ஆடுகளம் ஒன்றில் சில அடி தூரத்தில் நின்று பார்க்க முடிகிறது. இறுதியாட்டத்தைத்தான் பார்ப்பேன் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் பெரும் பணத்துக்கும் பெரும் அதிர்ஷ்டத்துக்கும் காத்திருக்க வேண்டும். 2024-இல் ஆண்கள் இறுதியாட்டத்துக்கான டிக்கெட்டின் அச்சிட்ட விலையே 275 பவுண்டு. கடைசி நான்கு நாட்களில் சென்டர் கோர்ட் டிக்கெட் வரிசையில் விற்கப்படுவதும் இல்லை.

2. குலுக்கலில் பெயரைப் பதிந்து வையுங்கள், ஆனால் அதை நம்பியிருக்காதீர்கள்

பொதுமக்களுக்கான டிக்கெட் குலுக்கல் முந்தைய ஆண்டின் செப்டம்பர் வாக்கில் இணையத்தில் திறக்கப்பட்டு, சுமார் இரண்டு வாரங்களில் மூடப்பட்டுவிடுகிறது. அதற்கு ‘மை விம்பிள்டன்’ என்னும் இலவசக் கணக்கு தேவை. வெளிநாட்டில் வசிப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். ஒரு குடும்பத்துக்கு ஒரு விண்ணப்பம்தான்; கிடைத்தால் அதிகபட்சம் இரண்டு டிக்கெட்டுகள். நாளையோ ஆடுகளத்தையோ நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. கணினி எதை ஒதுக்குகிறதோ அதை ஏற்கலாம் அல்லது விட்டுவிடலாம்.

இங்கே இரண்டு இடங்களில் பலர் சறுக்குகிறார்கள். முதலாவது, ஒரே வீட்டு முகவரியிலிருந்து வெவ்வேறு பெயர்களில் விண்ணப்பிப்பது. கண்டுபிடிக்கப்பட்டால் விண்ணப்பங்கள் தள்ளுபடியாகும். இரண்டாவது, டிக்கெட் ஒதுக்கப்பட்டதாக வரும் மின்னஞ்சலைக் கவனிக்காமல் விடுவது. குறித்த நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் அந்த டிக்கெட் அடுத்தவருக்குச் சென்றுவிடும். ஆகவே, நீங்கள் அன்றாடம் திறந்து பார்க்கும் மின்னஞ்சல் முகவரியையே கணக்கில் கொடுங்கள். விளம்பர அஞ்சல்கள் போய்ச் சேரும் பெட்டியையும் அவ்வப்போது பாருங்கள்.

பிரிட்டனிலேயே வசிக்கும் தமிழர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. அந்நாட்டு டென்னிஸ் சங்கமான எல்.டி.ஏ. தன் உறுப்பினர்களுக்குத் தனிக் குலுக்கல் நடத்துகிறது. பதிவுபெற்ற உள்ளூர் டென்னிஸ் மன்றங்கள் வழியாகவும் டிக்கெட்டுகள் பகிரப்படுகின்றன. பிள்ளைகள் டென்னிஸ் பழகும் குடும்பங்கள் இதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

3. இடைத்தரகர்களிடம் டிக்கெட் வாங்காதீர்கள்

இதைத் தனித் தலைப்பாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் தொலைவிலிருந்து வருபவர்கள்தான் இதில் அதிகம் சிக்குகிறார்கள். குலுக்கலிலும் வரிசையிலும் கிடைக்கும் டிக்கெட்டுகளை மற்றவருக்கு விற்கவோ மாற்றவோ அனுமதி இல்லை. அப்படிக் கைமாறிய டிக்கெட் செல்லாததாக்கப்பட்டு, வாயிலிலேயே உங்களைத் திருப்பி அனுப்பிவிடக்கூடும். தேடுபொறியில் முதலில் வந்து நிற்கும் மறுவிற்பனைத் தளங்களில் பல மடங்கு விலை கொடுத்து வாங்கியவருக்கு, அங்கே நின்று முறையிட எந்த இடமும் இல்லை.

சட்டப்படி கைமாற்றக்கூடியவை டிபெஞ்சர் இருக்கைகளின் டிக்கெட்டுகள் மட்டுமே. ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு குறிப்பிட்ட இருக்கையை வாங்கி வைத்திருப்பவர்கள், தாங்கள் வராத நாட்களுக்கு அதை விற்கலாம். 2026 முதல் 2030 வரைக்குமான சென்டர் கோர்ட் டிபெஞ்சர் ஒன்றின் விலை 1,16,000 பவுண்டு என்று அறிவிக்கப்பட்டது என்பதிலிருந்தே, அந்த ஒரு நாள் டிக்கெட்டும் எத்தகைய விலையில் இருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். விருந்தோம்பலோடு சேர்த்து விற்கப்படும் அதிகாரப்பூர்வத் தொகுப்புகளும் உண்டு. பணம் ஒரு பொருட்டல்ல என்பவர்களுக்கு அது பாதுகாப்பான வழி. மற்ற அனைவருக்கும் வரிசையே வழி.

4. விசாவை டிக்கெட்டோடு முடிச்சுப் போடாதீர்கள்

பார்வையாளர் விசாவுக்கு விண்ணப்பிக்க விம்பிள்டன் டிக்கெட் தேவையில்லை. இந்த ஒன்றை முன்பே அறிந்திருந்தால் என் தவிப்பில் பாதி குறைந்திருக்கும். இந்தியா, இலங்கை ஆகிய நாடுகளின் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ‘ஸ்டாண்டர்ட் விசிட்டர்’ எனப்படும் ஆறு மாத விசா வேண்டும். 2025 ஏப்ரலில் இதன் கட்டணம் 127 பவுண்டாக உயர்த்தப்பட்டது. சிங்கப்பூர், மலேசியக் குடிமக்களுக்கு விசா வேண்டாம், இ.டி.ஏ. எனப்படும் மின்னணு அனுமதியைப் பயணத்துக்கு முன் பெற்றுக்கொண்டால் போதும். அதன் கட்டணம் அதே மாதத்தில் 16 பவுண்டாக்கப்பட்டது.

பயண நாளுக்கு மூன்று மாதங்களுக்கு முன்பிருந்துதான் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும். கைரேகையும் புகைப்படமும் கொடுத்த பிறகு முடிவு வர வழக்கமாக மூன்று வாரங்கள் ஆகும். ஆகவே ஜூன் இறுதியில் பயணம் என்றால் ஏப்ரல் மாதத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். மே மாதத்தில் கோடை விடுமுறைக்குச் செல்வோரும் செப்டம்பரில் கல்லூரி சேரும் மாணவர்களும் சேர்ந்துகொள்வதால், சென்னை விண்ணப்ப மையத்தில் வசதியான நேரம் கிடைப்பது கடினமாகிவிடும். படிவத்தை பிரிட்டன் அரசின் இணையதளத்தில் நிரப்பி, கட்டணத்தையும் அங்கேயே கட்டிவிட்டு, பிறகுதான் மையத்துக்கு நேரம் பதிய வேண்டும். மையங்களில் வழங்கப்படும் கூடுதல் வசதிகள் எவையும் கட்டாயமல்ல. அவற்றை வாங்காததால் விசா முடிவில் எந்தக் குறையும் வராது.

ஆவணங்களில் முதன்மையானது பாஸ்போர்ட். அடுத்து, கடந்த ஆறு மாதங்களுக்கான வங்கிக் கணக்கு அறிக்கை, சம்பளச் சீட்டுகள், வருமான வரிக் கணக்கு, அலுவலகத்திலிருந்து விடுப்பு அனுமதிக் கடிதம் ஆகியவற்றைத் தயார் செய்யுங்கள். தொழில் நடத்துபவர்கள் பதிவுச் சான்றையும் வரி ஆவணங்களையும் சேர்க்க வேண்டும். உறவினர் வீட்டில் தங்குவதாக இருந்தால், அவருடைய அழைப்புக் கடிதமும் முகவரிச் சான்றும் அந்நாட்டில் அவருக்குள்ள குடியேற்ற நிலைக்கான ஆதாரமும் வேண்டும். நிலப் பத்திரம், திருமணச் சான்று போன்றவை தமிழில் மட்டும் இருந்தால் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்போடுதான் கொடுக்க வேண்டும். மொழிபெயர்ப்புக்குச் சில நாட்கள் ஆகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

விண்ணப்பிக்கும் முன் வாரத்தில் பெருந்தொகை ஒன்றைத் திடீரெனக் கணக்கில் போட்டு வைப்பதைத் தவிர்த்துவிடுங்கள். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு விளக்கம் இல்லையென்றால் அதுவே மறுப்புக்குக் காரணமாகலாம். பயண நோக்கம் என்ற இடத்தில், விம்பிள்டன் போட்டிகளைக் காண வருவதாகவும், டிக்கெட்டை நேரில் வரிசையில் வாங்கப்போவதாகவும் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். மறுக்கப்பட்டால் கட்டணம் திரும்பக் கிடைக்காது. ஆகவே விசா கைக்கு வரும் வரை, ரத்து செய்தால் பணம் திரும்பாத விமான டிக்கெட்டை வாங்க வேண்டாம்.

5. தங்குமிடமும் போக்குவரத்தும்

போட்டி நடக்கும் வாரங்களில் மைதானத்தைச் சுற்றிய பகுதிகளில் அறை வாடகை மிகவும் ஏறிவிடுகிறது. டிஸ்ட்ரிக்ட் ரயில் தடத்திலோ நார்தர்ன் தடத்திலோ சற்றுத் தள்ளித் தங்குவது செலவைக் குறைக்கும். தமிழர் கடைகளும் உணவகங்களும் நிறைந்த டூட்டிங் பகுதி விம்பிள்டனுக்கு அருகிலேயே இருப்பதால், சைவ உணவு மட்டும் உண்பவர்களுக்கு அது மிகவும் பொருத்தமான இடம்.

மைதானத்துக்கும் வரிசைக்கும் செல்ல இறங்க வேண்டிய நிலையம் சவுத்ஃபீல்ட்ஸ். பெயரைப் பார்த்து விம்பிள்டன் நிலையத்தில் இறங்கினால் கூடுதல் தூரம் நடக்க வேண்டியிருக்கும். அங்கிருந்து 493-ஆம் எண் பேருந்து மைதானத்தின் பக்கம் செல்கிறது. சவுத்ஃபீல்ட்ஸிலிருந்து சுமார் பதினைந்து நிமிட நடை. ரயிலுக்கும் பேருந்துக்கும் தனியாக அட்டை வாங்க வேண்டியதில்லை. தொட்டால் பணம் செலுத்தும் வங்கி அட்டையே போதும். வார இறுதி இரவுகளில் லண்டனின் சில சுரங்க ரயில் தடங்கள் விடிய விடிய ஓடினாலும், டிஸ்ட்ரிக்ட் தடம் அவற்றில் சேராது. அதிகாலை மூன்று மணிக்கு ரயிலில் வந்து வரிசையில் சேரலாம் என்று திட்டமிடுவோர் இதை மறந்துவிடக் கூடாது.

6. அட்டை, கைப்பேசி, செயலி

விம்பிள்டனில் ரொக்கப் பணத்துக்கு வேலை இல்லை; டிக்கெட்டும் உணவும் அட்டையில்தான். இந்திய வங்கிகள் வழங்கும் அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு பெரும்பாலும் முடக்கப்பட்டே வருகிறது. ஊரிலிருந்து புறப்படும் முன்பே வங்கிச் செயலியில் அதைத் திறந்து, வரம்பையும் உயர்த்தி வையுங்கள். இணையப் பணப்பரிமாற்றத்துக்கு ஓ.டி.பி. வருவதற்காக இந்திய சிம் கார்டும் ரோமிங்கில் உயிரோடு இருக்க வேண்டும். ‘மை விம்பிள்டன்’ கணக்கைத் திறந்து, விம்பிள்டன் செயலியையும் பதிவிறக்கி உள்நுழைந்து பார்த்துவிடுங்கள். டிக்கெட்டுகள் இப்போது கைப்பேசி வழியே வருகின்றன. பவர் பேங்க் ஒன்று கட்டாயம் வேண்டும். புகைப்படத்துடன் கூடிய அடையாளச் சான்றையும் உடன் வைத்திருங்கள்.

7. வரிசையில் சேருதல்

வரிசை, மைதானத்துக்கு எதிரே சர்ச் ரோட்டைத் தாண்டியுள்ள விம்பிள்டன் பூங்காவின் புல்வெளியில் நடக்கிறது. ஒரு கோயில் திருவிழாவுக்கு முந்தைய இரவைப் போல அங்கே முன்பின் தெரியாதவர்கள் பேசிப் பழகி, ஒருவர் பொருளை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். தனியாகச் செல்லும் பெண்களும் அஞ்ச வேண்டியதில்லை என்பதே என் அனுபவம். பணியாளர்கள் இரவு முழுவதும் சுற்றி வருவார்கள்.

ஒவ்வொரு நாளும் (கடைசி நான்கு நாட்களில் சென்டர் கோர்ட் நீங்கலாக) சென்டர் கோர்ட், முதலாம் எண் கோர்ட், இரண்டாம் எண் கோர்ட் ஆகியவற்றுக்குத் தலா சுமார் 500 டிக்கெட்டுகள் வரிசையில் விற்கப்படுகின்றன. இவை தவிர, இம்மூன்றும் அல்லாத மற்ற ஆடுகளங்களைக் காண உதவும் மைதான நுழைவுச் சீட்டுகளான கிரவுண்ட்ஸ் பாஸ்கள் சில ஆயிரம் உண்டு. வந்து சேர்ந்ததும் தேதியும் எண்ணும் உள்ள வரிசை அட்டை உங்களுக்குத் தரப்படும். அந்த எண்தான் எல்லாம். 500-க்குள் இருந்தால் சென்டர் கோர்ட் கிடைக்கும் என்று ஏறக்குறைய உறுதியாக நம்பலாம். 1,500-க்குள் இருந்தால் இம்மூன்றில் ஏதோ ஒன்று கிடைக்கும். அதற்கு மேல் என்றால் கிரவுண்ட்ஸ் பாஸ்.

சென்டர் கோர்ட் வேண்டுமென்றால் முந்தைய நாளே வந்து இரவைக் கூடாரத்தில் கழிக்க வேண்டும். பெரும் நட்சத்திரங்கள் ஆடும் நாட்களில் முந்தைய நாள் காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடும். கிரவுண்ட்ஸ் பாஸ் போதும் என்பவர்கள் அன்று அதிகாலை முதல் ரயிலில் வந்தால் பெரும்பாலும் போதுமானது. ஒன்பது மணிக்கு மேல் நிதானமாக வந்தால் பல மணி நேரம் நிற்க நேரிடலாம்.

விதிகள் கண்டிப்பானவை. ஒருவர் மற்றவருக்காக இடம் பிடித்து வைக்க முடியாது. ஒருவருக்கு ஒரு டிக்கெட்தான். ஆகவே குடும்பமாகச் சென்றால் அனைவரும் ஒன்றாக வந்தே அட்டை பெற வேண்டும். கழிப்பறைக்கோ உணவு வாங்கவோ சென்றால் அரை மணி நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும். கூடாரம் அதிகபட்சம் இருவர் தங்கும் அளவுடையதாக இருக்க வேண்டும். அடுப்பு மூட்டக் கூடாது. ஆகவே சமைத்து எடுத்துச் செல்லுங்கள். எலுமிச்சைச் சோறும் புளிச் சோறும் மறுநாள் வரை தாங்கும். கழிப்பறையும் குடிநீரும் உண்டு. குளிக்க வசதி இல்லை.

ஜூலைத் தொடக்கம் என்றாலும் லண்டன் இரவு நம் ஊர்க்காரர்களுக்குக் குளிரும், புல்லும் விடியற்காலையில் நனைந்திருக்கும். தரையில் விரிக்கத் தடித்த விரிப்பு, ஸ்லீப்பிங் பேக், மழைச் சட்டை, கம்பளிக் குல்லாய் ஆகிய நான்கையும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். சூரியன் ஐந்து மணிக்கு முன்பே உதித்துவிடும். அதையொட்டிப் பணியாளர்கள் வந்து எழுப்பி, கூடாரங்களைச் சுருட்டச் சொல்வார்கள். அவற்றைச் சிறு கட்டணத்தில் பூங்காவிலேயே உள்ள பொருள் காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். அங்கே ஒரு வரிசை நிற்கும் என்பதால் முதல் அழைப்பிலேயே எழுந்துவிடுங்கள். பிறகு காலை ஏழரை மணி அளவில், முன்னால் இருப்பவர்களுக்கு ஆடுகளத்துக்கு ஏற்ற நிறத்தில் மணிக்கட்டுப் பட்டை தரப்படும். எந்த ஆடுகளம் என்பதை நீங்கள் அப்போது சொல்ல வேண்டும். அன்றைய ஆட்ட அட்டவணை முந்தைய நாள் மாலையே வெளியாகிவிடுவதால், யார் எங்கே ஆடுகிறார் என்று இரவிலேயே பார்த்து, இரண்டாவது விருப்பத்தையும் முடிவு செய்து வையுங்கள்.

8. வாயிலில் சோதனை

ஒருவருக்கு ஒரு பைதான். அளவு 40 × 30 × 30 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கூடாரம், செல்ஃபி குச்சி, கெட்டியான கூடைப் பெட்டி, 300 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கேமரா லென்ஸ் ஆகியவற்றுக்கு அனுமதி இல்லை. வீட்டு உணவை எடுத்துச் செல்லலாம் என்பது பெரிய ஆறுதல். உள்ளே செல்லும் வாயில்கள் பத்து மணிக்குத் திறக்கின்றன.

9. உள்ளே சென்ற பிறகு

வெளி ஆடுகளங்களில் ஆட்டம் காலை 11 மணிக்கும், முதலாம் எண் கோர்ட்டில் பிற்பகல் 1 மணிக்கும், சென்டர் கோர்ட்டில் 1.30-க்கும் தொடங்குகிறது. சென்டர் கோர்ட் டிக்கெட் வைத்திருப்பவர்களும் காலை நேரத்தை வெளி ஆடுகளங்களில் செலவிடுங்கள். அங்கே காணும் டென்னிஸ்தான் நெருக்கத்தில் காண்பது. பந்து எழுப்பும் ஒலியும், காலடி நகர்வின் வேகமும், சர்வீஸ் போடும் முன் ஆட்டக்காரர் தமக்குள் பேசிக்கொள்வதும் தொலைக்காட்சியில் ஒருபோதும் புலப்படுவதில்லை.

கிரவுண்ட்ஸ் பாஸின் விலை 2025-இல் முதல் வாரத்தில் 30 பவுண்டு. மாலை ஐந்து மணிக்கு மேல் வருபவர்களுக்கு விலை குறைவு. கோடையில் ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருப்பதால் அதுவும் வீணாகாது. கிரவுண்ட்ஸ் பாஸ் வைத்திருப்பவர்கள் தவறவிடக் கூடாத இன்னொன்று, அதிகாரப்பூர்வ மறுவிற்பனை. சென்டர் கோர்ட்டிலிருந்து சீக்கிரம் வெளியேறுபவர்கள் திருப்பிக் கொடுக்கும் இருக்கைகள் பிற்பகலில் 10, 15 பவுண்டு என்ற அளவில் விற்கப்பட்டு, அந்தப் பணம் அறப்பணிக்குச் செல்கிறது. உள்ளே நுழைந்த உடனேயே இதற்கான வரிசையில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். மாலை ஆறு மணிக்குச் சென்டர் கோர்ட்டில் அமரும் வாய்ப்பை மிகக் குறைந்த செலவில் பெறும் ஒரே வழி அதுதான்.

ஆட்டம் நடக்கும்போது எழுந்து நடக்கக் கூடாது. ஆட்டக்காரர்கள் பக்கம் மாறும் இடைவேளைகளில் மட்டுமே உள்ளே விடுவார்கள். கைப்பேசி ஒலியை நிறுத்திவிடுங்கள். வெள்ளை உடை விதி ஆட்டக்காரர்களுக்குத்தான். நீங்கள் எதையும் உடுத்தலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை முக்கிய ஆடுகளங்களின் இருக்கைகளில் அனுமதிப்பதில்லை. ஆகவே சிறு குழந்தையோடு வருபவர்கள் கிரவுண்ட்ஸ் பாஸ் எடுத்து, மைதானத்துக்குள்ளேயே பெரிய திரை உள்ள ஹென்மன் குன்று என்னும் புல்மேட்டில் அமர்வதே நல்லது.

10. மழையும் திரும்பும் நேரமும்

சென்டர் கோர்ட்டுக்கு 2009 முதலும், முதலாம் எண் கோர்ட்டுக்கு 2019 முதலும் மூடும் கூரை உண்டு. மற்ற ஆடுகளங்கள் மழைக்கு நின்றுவிடும். மழை மிகுதி என்று வானிலை அறிக்கை சொன்னால், அன்று இரண்டாம் எண் கோர்ட்டை விட முதலாம் எண் கோர்ட்டைத் தேர்ந்தெடுங்கள். பயணத்தில் ஒரே ஒரு நாளை மட்டும் போட்டிக்கு ஒதுக்காமல், மாற்று நாள் ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கூரையின் கீழ் இரவு ஆட்டம் நீண்டாலும் பதினொரு மணிக்கு மேல் ஆட அனுமதி இல்லை. அந்த நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒரே சமயத்தில் சவுத்ஃபீல்ட்ஸ் நோக்கி நடப்பார்கள். காப்பகத்தில் கூடாரம் வைத்திருப்பவர்கள் அது எத்தனை மணிக்கு மூடப்படும் என்பதைக் காலையிலேயே கேட்டு வைத்து, அதற்கு அரை மணி நேரம் முன்பாகவே இருக்கையை விட்டு எழுந்துவிடுங்கள். காப்பகத்தில் கொடுத்த சீட்டைப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் உறையிலேயே பத்திரப்படுத்துங்கள்.